அந்த நத்தைக்கு ஒரு பெயர் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் 'ஆழ்கடலில் புதிய வகை நத்தை கண்டுபிடிப்பு' என்று ஒன்பது வரியில் ஒரு செய்தி வந்தது. மூன்று நாள் கழித்து, அதைப் படித்த வாசகர் ஒருவரின் கடிதத்தையும் வெளியிட்டிருந்தீர்கள். ஒரு சின்ன நத்தையைச் சேற்றிலிருந்து எடுத்து, 14 வருடம் கழித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், இதனால் யாருக்கு என்ன பயன் என்று அவர் கேட்டிருந்தார். கேலியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் 23 வருடங்களாக ஆழ்கடல் சேற்றிலிருந்து சின்ன நத்தைகளைப் பொறுக்கி, பிரித்து, பெயரில்லாதவற்றுக்கு விவரணம் எழுதும் வேலை செய்கிறவள். நீங்கள் செய்தி போட்ட நத்தை என் கைக்கு வந்ததில்லை. ஆனால் அது வந்த வழி எனக்குத் தெரியும்.

முதலில் செய்தியைப் பற்றி. அதனுடன் அச்சாகியிருந்த படம் தரையில் வாழும் நத்தையின் படம். நீண்ட மேல்கொம்புகளின் நுனியில் கண்கள் இருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. கடல் நத்தைகளுக்குக் கண் இருந்தால் பெரும்பாலும் உணர்கொம்பின் அடியில்தான் இருக்கும். வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வாழும் பலவற்றுக்குக் கண்ணே கிடையாது. இரண்டாவது, ஓட்டின் உயரம் 1.8 செ.மீ. என்று போட்டிருந்தீர்கள். அது 1.8 மி.மீ. ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கிறது, ஆனால் நீளம் பத்து மடங்கு கூடினால் உடலின் பருமன் ஆயிரம் மடங்கு கூடிவிடும். நீங்கள் அச்சிட்ட அளவில் அது உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய நத்தை. உண்மையில் அது குண்டூசித் தலை அளவுதான். அந்த வேறுபாட்டில்தான் 14 வருடத்துக்கான பாதி விடை இருக்கிறது.

மூன்றாவது குறைதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. ஒன்பது வரியிலும் அந்த நத்தையின் பெயர் இல்லை. அந்த ஆய்வுக் கட்டுரையே அந்தப் பெயரை உலகுக்குத் தருவதற்காக எழுதப்பட்டது. கல்யாணச் செய்தி போட்டுவிட்டு மாப்பிள்ளை, பெண் பெயரை விட்டுவிட்டது போல் ஆகிவிட்டது.

சரி, வாசகரின் கேள்விக்கு வருகிறேன்.

'கடலில் கண்டுபிடித்தார்கள்' என்று சொல்கிறோம். இந்த அளவு நத்தையைக் கடலில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. கப்பலிலிருந்து இரும்புச் சட்டம் பொருத்திய வலையையோ, சேற்றைப் பெட்டி பெட்டியாக வெட்டி எடுக்கும் கருவியையோ ஆயிரம், இரண்டாயிரம் மீட்டருக்கு இறக்குவார்கள். அது அடியைத் தொட்டுத் திரும்பி மேலே வரப் பல மணி நேரம் ஆகும். மேலே வந்து சேர்வது சாம்பல் நிறச் சேறு, அவ்வளவுதான். அதை அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில், சில சமயம் அதைவிட நுண்ணிய சல்லடையிலும் அலசுவோம். குழாயைத் திறந்து மேலே பீய்ச்சி அடித்தால் ஓடுகளின் வாய் விளிம்பு பொடிந்துவிடும். சல்லடையைத் தொட்டித் தண்ணீரில் பாதி அமிழ்த்தி, தொட்டில் ஆட்டுவது போல மெல்ல ஆட்ட வேண்டும். சல்லடையில் தங்குவதை அப்படியே எத்தனால் ஊற்றிப் புட்டியில் அடைத்து, எந்த இடம், என்ன ஆழம், எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போட்டு மூடுவோம். சாதாரண மையில் எழுதினால் எத்தனாலில் கரைந்துவிடும். சீட்டு தொலைந்தால் அந்தப் புட்டிக்கு மதிப்பே இல்லை.

கப்பலில் வேலை அத்துடன் முடிகிறது. கண்டுபிடிப்பு தொடங்குவது அதற்கு மாதங்களோ வருடங்களோ கழித்து, ஒரு மேசையில்.

அந்தப் புட்டியிலிருந்து ஒரு சின்னக் கரண்டி அளவு கசடை எடுத்து, வாய்க்கால் போன்ற பள்ளங்கள் உள்ள தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் வைப்பேன். கசடில் பெரும்பங்கு ஃபோராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிரிகளின் ஓடுகள். அவற்றிலும் சில நத்தை மாதிரியே சுருண்டிருக்கும்; பழகாத கண் ஏமாந்துபோகும். அப்புறம் மேல்தண்ணீரில் நீந்தி வாழ்ந்து செத்த சிறகுக்கால் நத்தைகளின் ஓடுகள் மழை மாதிரி கீழே வந்து கலந்திருக்கும். அவற்றில் லிமாசினா என்ற பேரினம் மற்ற பெரும்பாலான நத்தைகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுருண்டது. நுனியை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் இடப்பக்கம் இருக்கும். இங்கே ஒரு சொல் விஷயம்: நாம் தமிழில் வலம்புரி என்கிற சங்கு, மெல்லுடலி அறிஞர்களின் கணக்கில் இடப்பக்கச் சுருள். அதனால் தமிழில் விளக்கும்போது நான் வலம்புரி, இடம்புரி என்ற சொற்களைத் தவிர்த்து, 'வாய் எந்தப் பக்கம்' என்றுதான் சொல்வேன்.

இந்தக் கூட்டத்துக்குள் ஆழ்கடல் அடியிலேயே வாழ்ந்த நத்தை ஒரு தட்டுக்கு ஒன்று வரலாம், வராமலும் போகலாம். பார்த்தால் இடுக்கியால் எடுக்க மாட்டேன். இடுக்கி நொறுக்கிவிடும். நாலைந்து மயிர் மட்டும் விட்டு மற்றதை வெட்டிய தூரிகையை நனைத்து, அதன் நுனியில் ஓட்டை ஒட்டவைத்துத் தூக்குவேன். அந்த ஒரு நொடி மூச்சை வெளியே விடக் கூடாது என்று எனக்குக் கற்றுத் தந்தவர் சொன்னார், இன்றைக்கும் விடுவதில்லை. காய்ந்த ஓடு மூச்சுக்காற்றில் பறந்துவிடும். தரையில் விழுந்தால் தேடவே முடியாது. எனக்கு அப்படி ஒன்று போயிருக்கிறது. 1,450 மீட்டரிலிருந்து வந்தது, தோள்பட்டையில் இரண்டு மெல்லிய வரிகள், கண்ணாடி மாதிரி ஓடு. தரையை ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி, துணியை அலசி, தண்ணீரை வடிகட்டி இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை. அது என்ன நத்தை என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

எடுத்தாகிவிட்டது. இது புதியதா?

இதுதான் வருடங்களைச் சாப்பிடும் கேள்வி. விலங்குகளுக்கான பெயர்க் கணக்கு 1758-இல், ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் 'சிஸ்டெமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. அன்றிலிருந்து இன்று வரை யாராவது, எந்த மொழியிலாவது, எந்த இதழிலாவது இந்த நத்தைக்கு முறையாகப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர்தான் செல்லும். முந்தியவருக்கே உரிமை என்பது விதி. ஆகவே புதியது என்று சொல்வதற்கு முன் பழையது இல்லை என்று காட்டியாக வேண்டும். சாலெஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வாரி வந்த நத்தைகளை ராபர்ட் பூக் வாட்சன் என்ற பாதிரியார் விவரித்து 1886-இல் ஒரு தடித்த தொகுதி வெளியிட்டார். இன்றைக்கும் அதைப் புரட்டாமல் எங்கள் வேலை நடக்காது. ஒரு முறை எனக்குக் கிடைத்த நத்தை புதியது என்றே முடிவு செய்து, படங்கள் எடுத்து, விவரணமும் பாதிக்கு மேல் எழுதிவிட்டேன். ஒரு சாயங்காலம் வாட்சனின் தொகுதியில் உள்ள படங்களைப் புரட்டும்போது, அதே தோள், அதே வாய், ஓட்டின் அடியில் அதே தொப்புள் குழி. வேறு கடலில், 130 வருடத்துக்கு முன்னால். கையால் வரைந்த படம். மின்சார விளக்குகூட இல்லாத மேசையில் வரைந்திருப்பார். என் எழுத்தை நிறுத்திவிட்டேன். ஏமாற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்றைக்கு அந்த மனிதர்மேல் வந்த மரியாதை பெரிது.

இன்னொரு பொறி, குஞ்சுகள். வளர்ந்த நத்தைக்கும் அதன் குஞ்சுக்கும் ஓட்டின் வடிவம் மாறும். இரண்டு வருடம் 'சி-17' என்று எண் போட்டு வைத்திருந்த ஒன்று, பக்கத்துக் குப்பியில் இருந்த பெரிய நத்தையின் குஞ்சு என்று பிறகு தெரிந்தது.

இதைத் தீர்த்துவைத்தது ஓட்டின் நுனி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

நத்தை தன் ஓட்டைக் கழற்றிப் போட்டுப் புது ஓடு செய்வதில்லை. பிறந்தபோது இருந்த ஓட்டின் விளிம்பிலேயே சேர்த்துச் சேர்த்துக் கட்டுகிறது. ஆகவே வயதான நத்தையின் கூம்பு நுனியில் அதன் குழந்தைப் பருவ ஓடு அப்படியே உட்கார்ந்திருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த நுனியை நேர் மேலிருந்து பார்த்தால், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் ஒரு சுருள் தெரியும். அதன் மேல் புள்ளிகளோ, வலைப்பின்னல் போன்ற கோடுகளோ இருக்கும். ஓரிடத்தில் அந்த வேலைப்பாடு திடீரென்று நின்று, ஒரு மெல்லிய வடுவுக்கு அப்பால் வேறு மாதிரி கோடுகள் தொடங்கும். அந்த வடு, குஞ்சு மிதப்பதையோ முட்டைக்குள் இருப்பதையோ விட்டுவிட்டுத் தரையில் இறங்கிய இடம். அது வரைக்கும் உள்ள சுற்றுகளை எண்ணினால் வாழ்க்கை வரலாறு தெரிகிறது. உருண்டு திரண்ட, ஒன்றரைச் சுற்றுக்கும் குறைவான நுனி என்றால், தாய் கொடுத்த சத்தை வைத்துக்கொண்டே வளர்ந்த குஞ்சு, தூரம் போயிருக்காது. சின்னஞ்சிறு புள்ளியில் தொடங்கி மூன்று, நான்கு சுற்றுகள் என்றால், மிதந்து, தானே இரை தின்று வளர்ந்த குஞ்சு. 1985-இல் வெளியான ஓர் ஆய்வு, சில ஆழ்கடல் நத்தைகளின் இந்தக் குழந்தை ஓட்டில் உள்ள இரு வகை ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தை அளந்து, அது வெதுவெதுப்பான மேல்தண்ணீரில் உருவானது என்று காட்டியது. இரண்டு மில்லிமீட்டர் நத்தையின் குஞ்சு, குளிரும் இருட்டுமான ஆழத்திலிருந்து மேல்தண்ணீருக்கு ஏறி, அங்கே தின்று வளர்ந்து, மறுபடி இறங்கி வந்திருக்கிறது. அந்தப் பயணம் முழுவதும் அதன் தலையுச்சியில் எழுதப்பட்டிருக்கிறது. இதை முதல் முறை புரிந்துகொண்ட நாளில் நான் வீட்டுக்குப் போகத் தாமதித்தேன்.

சி-17-இன் நுனியும் பெரிய நத்தையின் நுனியும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்தன. கணக்கு முடிந்தது.

ஓடு மட்டும் போதாது. உள்ளே உடல் இருந்தால் நல்ல காலம். நத்தையின் வாய்க்குள் ராடுலா என்ற பல் நாடா உண்டு, அரம் போல வரிசை வரிசையாகப் பற்கள். உடலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் சதை போய் அந்த நாடா மட்டும் மிஞ்சும். இந்த அளவு நத்தையில் அது கண்ணிமை மயிரைவிட மெல்லியது. அதைக் கழுவி, விரித்து, பற்கள் மேலே பார்க்கும்படி ஒட்டவைக்க வேண்டும். ஓட்டை மட்டும் பார்த்து ஒரு குடும்பத்தில் வைத்த நத்தை, பல்லைப் பார்த்ததும் வேறு குடும்பத்துக்குப் போய்விடுவது உண்டு. சின்னதாய், வெள்ளையாய், வட்டமாய்ச் சுருண்ட கடல் நத்தைகளை எல்லாம் ஒரு காலத்தில் ஸ்கெனியிடே என்ற ஒரே குடும்பத்தில் போட்டார்கள். பல்லையும் மரபணுவையும் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லாத பல கூட்டங்கள் அதில் ஒன்றாகக் கிடந்தது தெரிந்தது. சின்னதாக இருப்பவை ஒன்றுபோல் தோன்றுவது நம் கண்ணின் குறைதான்.

மரபணு எடுக்க வேண்டுமானால் மாதிரியை முதல் நாளே எத்தனாலில் போட்டிருக்க வேண்டும். என் வேலையில் நடந்த பெரிய இழப்பு அதில்தான். ஒரு பயணத்திலிருந்து வந்த 11 புட்டிகளை, அமிலத்தை அடக்கும் போராக்ஸ் சேர்க்காத ஃபார்மலினில் போட்டு ஏழு மாதம் விட்டிருந்தார்கள். ஃபார்மலின் நாளாக ஆக ஃபார்மிக் அமிலமாக மாறும். நத்தை ஓடு சுண்ணாம்பு. நான் முதல் புட்டியைத் திறந்து தட்டில் ஊற்றியபோது, ஓடு இல்லாத சின்னச் சின்ன உடல்கள் சுருண்டபடியே கிடந்தன. ஓடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, சுருள் மட்டும் மிச்சம். 11 புட்டியும் அப்படித்தான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பகுதிக்கு மறுபடி கப்பல் போகவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எல்லாம் சரியாக அமைந்தால் விவரணம் எழுதலாம். அது எப்படி இருக்கும் என்று வாசகர்களுக்குக் காட்ட, நான் எழுதிய ஒன்றிலிருந்து சில வரிகளைத் தமிழில் சொல்கிறேன்: 'ஓடு மெல்லியது, வெண்மை, ஒளி ஊடுருவுவது, உயரம் 2.1 மி.மீ., அகலம் 1.6 மி.மீ. குழந்தை ஓடு 1.2 சுற்று, நுண்குழிகள் நிறைந்தது, முடியும் இடம் தெளிவான வடு. பிந்தைய ஓடு மூன்று சுற்று. தோளில் ஒரு வரம்பு, அதன்மேல் சீரான இடைவெளியில் மணிகள். தொப்புள் குறுகலானது, ஆழமானது. வாய் ஏறத்தாழ வட்டம். மூடி கொம்புப்பொருளால் ஆனது, பல சுற்றுகள் கொண்டது.' இதில் 'அழகிய', 'அரிய' என்ற சொல் ஒன்றும் வராது. நான் இறந்து நூறு வருடம் கழித்து, என்னைத் தெரியாத ஒருவர், இன்னொரு நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரிகளைப் படித்து, இது அதுதானா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சொல்லும் அவருக்காகத்தான். 'மணிகள்' என்று எழுதுவதா 'முடிச்சுகள்' என்று எழுதுவதா என்று நான் ஒரு முழு நாள் யோசித்திருக்கிறேன்.

பெயருக்கு ஒரே ஓர் உடல் பிணையாக நிற்கும். அதை ஹோலோடைப் என்கிறோம். 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, இன்ன மாதிரிதான் ஹோலோடைப், இன்ன அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகிறது என்று சொல்லியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் போய் எடுத்துப் பார்த்து, நீ சொன்னது தப்பு என்று நிரூபிக்கலாம். அதை வைத்துக் காப்பதும் எளிதில்லை. மர அலமாரியிலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் அமில ஆவி, ஓட்டின் மேல் வெள்ளைப் பூச்சாகப் படிந்து அரித்துவிடும். மலிவான கண்ணாடிக் குழாய்களில் வைத்த நுண்ணிய ஓடுகள், கண்ணாடியே ஈரத்தில் சிதைவதால் பாழாகின்றன. கடலுக்கடியில் கெடாமல் இருந்தது, அலமாரியில் கெட்டுவிடுகிறது.

பெயர் சூட்டுவது பற்றி ஒன்று. பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், சொல் லத்தீனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த மொழிச் சொல்லிலிருந்தும் எடுக்கலாம் என்று விதியே சொல்கிறது, தமிழ் உட்பட. பேரினப் பெயரின் பாலுக்கு ஏற்ப லத்தீன் பெயரடையின் விகுதி மாறும். பெயரிட்டவரின் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அந்தச் சிற்றினம் முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பிறகு இடம் மாறியது என்று பொருள். ஓர் அடைப்புக்குறியில் அவ்வளவு வரலாறு.

இவ்வளவுக்கும் பிறகு 14 வருடம் என்பது நீளமா? பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஃபிலிப் பூஷேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஓர் உயிரியின் முதல் மாதிரி சேகரிக்கப்பட்டதற்கும் அதற்குப் பெயர் வெளியாவதற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ 21 வருடம். எல்லா வகை உயிரிகளையும் சேர்த்த சராசரி அது. உங்கள் செய்தி நத்தை சராசரியைவிட முந்திவிட்டது.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், ஒற்றை மாதிரி. அதே பூஷே குழு நியூ கலிடோனியாவில் 295 சதுர கி.மீ. பரப்பில், ஆழம் குறைந்த கடலிலேயே, 2,738 மெல்லுடலிச் சிற்றினங்களைச் சேகரித்தது. அவற்றில் ஐந்தில் ஒன்று, ஒரே ஒரு மாதிரியாகத்தான் கிடைத்தது. ஆழ்கடலில் கேட்கவே வேண்டாம். ஒரே ஓட்டை வைத்துப் பெயர் வைத்தால், அது வளர்ச்சியில் கோணிய ஓடாக இருந்தால் என்ன செய்வது? காத்திருந்தால், இரண்டாவது எப்போது வரும்? நான் பொதுவாகக் காத்திருப்பவள். ஒன்றை வைத்தும் எழுதிவிடலாம் என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது என்று வரவர எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் காரணம் இதுதான்.

2001-இல் இந்தியப் பெருங்கடலின் அடியில், ஏறத்தாழ 2,400 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளில் ஒரு நத்தை கிடைத்தது. அதன் காலில் செதில்கள்; அந்தச் செதில்களின் மேல் இரும்பு சல்ஃபைடு பூச்சு. உலகமே வியந்தது. ஆனால் முறையான விவரணமும் பெயரும் 2015-இல்தான் வெளிவந்தன: கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம். அதிலிருந்து நான்கே வருடத்தில், 2019-இல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்று சேர்க்கப்பட்டது. ஆழ்கடல் சுரங்கத்தால் வரும் ஆபத்தைக் காரணமாகக் காட்டி அந்தப் பட்டியலில் ஏறிய முதல் உயிரி அதுதான். அப்போது அது வாழ்வதாகத் தெரிந்திருந்த ஊற்றுப் பகுதிகள் மூன்று; இரண்டில் கனிம ஆய்வுக்கு உரிமம் கொடுக்கப்பட்டிருந்தது. முறையான பெயர் வெளியாகாத உயிரியை அந்தப் பட்டியல் பொதுவாக ஏற்பதில்லை. பெயர் வந்த பிறகுதான், அதன் சார்பில் பேச ஒரு தாள் கிடைத்தது.

அந்த நத்தை சில செ.மீ. வரை வளரும், கண்ணில் படும், படத்தில் அழகாக இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் நத்தைகளின் நிலை வேறு. பசிபிக்கில் கிளாரியன்–கிளிப்பர்டன் என்ற பகுதி, ஏறத்தாழ 60 லட்சம் சதுர கி.மீ., தரையெல்லாம் உலோக முடிச்சுகள் கிடக்கின்றன. அவற்றை வாரி எடுக்கும் திட்டங்கள் நடக்கின்றன. 2023-இல் வெளியான தொகுப்பு, அங்கே பதிவான விலங்குச் சிற்றினங்கள் 5,578 என்றும், அவற்றில் பத்தில் ஒன்பதுக்குப் பெயர் இல்லை என்றும் சொன்னது. அவை வெறும் எண்களாக, என் சி-17 மாதிரி, ஆய்வகங்களின் பட்டியல்களில் இருக்கின்றன. ஓர் ஆய்வகத்தின் சி-17-உம் இன்னோர் ஆய்வகத்தின் 'இனம் 4'-உம் ஒரே நத்தையா என்று சொல்ல வழியில்லை. வாரிய இடத்தில் என்ன இருந்தது, வாராத இடத்தில் அது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டால், பெயர் இல்லாமல் என்ன பதில் சொல்வது?

பயன் என்ன என்று கேட்ட வாசகருக்கு என் பதில் இதுதான், ஐயா. அந்த நத்தையால் எனக்கோ உங்களுக்கோ நாளைக்கு ஒரு மருந்தோ பொருளோ வரும் என்று நான் சொல்ல மாட்டேன். வரலாம், வராமலும் போகலாம். அதற்காக இந்த வேலையை யாரும் செய்வதாக நான் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற நல்ல அறிஞரே, 300 பாகத்துக்கு (ஏறத்தாழ 550 மீட்டர்) கீழே கடலில் உயிர் இருக்காது என்று கருதினார். யாரும் பொறுக்கிப் பார்க்காத இடம் காலி இடமாகத் தெரியும். காலி இடத்தை என்ன செய்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சேறு காலி இல்லை என்று, ஒவ்வொரு நத்தையாக, பெயரோடும் அளவோடும் எழுதி வைக்கிறோம். அந்த வேலைக்கு 14 வருடம் ஆனது எனக்கும் வருத்தம்தான். பொறுக்கவும் விவரிக்கவும் தெரிந்த கைகள் குறைவு என்பதே அதன் காரணம். என்னிடம் பயின்றவர்களில் இந்த வேலையிலேயே நிலைத்தவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஆசிரியரே. இனி இப்படி ஒரு செய்தி வரும்போது பெயரை முழுதாகப் போடுங்கள்; பேரினப் பெயர், சிற்றினப் பெயர் இரண்டையும், தமிழ் எழுத்தில். படிக்க வாய் தடுக்கும் என்று பயப்பட வேண்டாம், டைனோசர் பெயர்களைக் குழந்தைகள் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை வெளியான பிறகு மட்டும் போடுங்கள். விவரணம் வராமல் பெயர் மட்டும் முந்திக்கொண்டு அச்சில் வந்தால், பிறகு குழப்பம். முடிந்தால் ஹோலோடைப் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். கட்டுரையிலேயே அந்த ஓட்டின் படம் இருக்கும். கேட்டால் எழுதியவர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

என் மேசையில் இப்போது ஒரு குப்பி இருக்கிறது, ஒற்றை ஓடு, 1.3 மி.மீ., உடல் இல்லை. ஒன்பது வருடமாக இரண்டாவதற்காகக் காத்திருக்கிறேன். உங்கள் வாசகரின் கடிதத்தைப் படித்த அன்று இரவு அதை மறுபடி எடுத்து நுனியைப் பார்த்தேன். குழந்தை ஓடு 1.1 சுற்று, வடு தெளிவாக இருக்கிறது. விவரணம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

திருத்தம் வெளியிடும்போது உயரத்தை 1.8 மி.மீ. என்று போடவும்.

இப்படிக்கு,
ஆழ்கடல் நத்தைகளை விவரிக்கும் உங்கள் வாசகி